முறுக்குக்கு மாதுளைத் தோல் படலம் போதுமா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டிலேயே தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம், அதிரசம் செய்து சென்னைக்கும் வெளியூர்களுக்கும் அனுப்புகிறாராம். மரவள்ளி மாவில் செய்த மக்கும் படலம் ஒன்றை ஒரு வியாபாரி கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மாதுளைத் தோல் சாறு சேர்த்திருப்பதால் பலகாரம் மூன்று மாதம் காறாது என்றும் சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் உறையை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா என்பது கேள்வி. இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. படலம் மக்குமா? சாறு காறலைத் தடுக்குமா? பலகாரம் நமுக்காமல் இருக்குமா? வியாபாரி முதல் இரண்டைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். உங்கள் வாடிக்கையாளர் பொட்டலத்தைப் பிரித்ததும் கவனிக்கப்போவது மூன்றாவதை.

நான் உணவு வேதியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவுப் பொட்டலங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். பிறந்தது பள்ளத்தூர்ப் பக்கம். எங்கள் அப்பத்தா தகர டின்னில் போட்டு வைத்த சீப்புச் சீடையைத் தின்று வளர்ந்தவன் என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறுக்கு, தேன்குழல், மனகோலம் மூன்றுக்கும் இந்தப் படலத்தைத் தனி உறையாக நம்ப வேண்டாம். அதிரசத்துக்கு முயன்று பார்க்கலாம், ஆனால் வேறு விதமாக. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கூழ் வடகம் ஊற்றியிருப்பீர்கள். மாவைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி, துணியில் மெல்லிதாக ஊற்றி, காயவைத்து உரித்து எடுப்போம். ஸ்டார்ச் படலம் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். நூறு பங்கு தண்ணீருக்கு நாலைந்து பங்கு மரவள்ளி ஸ்டார்ச், எண்பது தொண்ணூறு டிகிரிச் சூடு, சமதளமான தட்டு, நாற்பது ஐம்பது டிகிரியில் உலர்த்தல். ஆனால் காய்ந்த வடகம் மடக்கினால் ஒடியும். படலம் மடங்க வேண்டும் என்பதற்காக அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். ஸ்டார்ச்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை போகும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள். படலம் வளைவதே அந்த ஈரத்தின் துணையால்தான். ஐப்பசி மழையில் திறந்து வைத்த வடகம் எப்படித் துவள்கிறதோ, அதே காரணத்தால் இந்தப் படலமும் துவளும். அது உறிஞ்சும் ஈரம் உள்ளே இருக்கும் முறுக்குக்கும் போய்ச் சேரும்.

எவ்வளவு ஈரம் என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இருநூறு கிராம் முறுக்குப் பொட்டலம், இருபது சென்டிமீட்டருக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர். வாணலியிலிருந்து எடுத்து ஆறிய முறுக்கில் இரண்டு மூன்று சதவீதம்தான் ஈரம் இருக்கும். ஏறக்குறைய ஆறு கிராம் தண்ணீர் கூடுதலாக ஏறிவிட்டால் அந்தப் பொட்டலம் முழுவதும் நமுத்த முறுக்குதான். நொறுக்குத் தீனிக்குப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம், 38 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள கடுமையான சோதனை நிலையில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஐந்து கிராம் அளவுக்கு நீராவியை விடும். உங்கள் பொட்டலத்துக்கு அது நாளொன்றுக்கு 0.3 கிராம். நம் ஊரின் சாதாரண நாளில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நடக்கும். ஆக, ஆறு கிராம் ஏற இரண்டு மாதம் பிடிக்கும். கிளிசரின் சேர்த்த ஸ்டார்ச் படலத்துக்கு அதே சோதனையில் கிடைக்கும் எண் பல நூறு கிராம். முந்நூறு என்றே குறைத்து வைத்தாலும், நம் வீட்டு நிலைமைக்கு நாளொன்றுக்கு ஆறு கிராம் வருகிறது. நிஜத்தில் படலம் காய்ந்திருக்கும்வரை வேகம் கொஞ்சம் குறையும் என்பதால் ஓரிரு நாள் கூடலாம். மூன்று மாதம் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது.

கணக்கை விடுங்கள், நான் கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் இதே போன்ற படலத்தை நானே ஊற்றினேன். மாதுளைத் தோல் சாறு சேர்த்தேன். தேன் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் தேநீர் போல அழகாக வந்தது. அதில் பை செய்து தேன்குழல் போட்டு ஓரங்களைச் சூடாக்கி ஒட்டினேன். பக்கத்திலேயே சாதாரண பாலிப்ரொப்பிலீன் பையில் இன்னொரு பங்கு. மறுநாள் காலை படலப் பையைத் தூக்கியபோது துணிபோல் தொங்கியது. முந்திய நாள் மாலை வைத்தபோது அது காகிதம்போல் சலசலத்த பை. உள்ளே இருந்த தேன்குழல் ஒடிக்கையில் சத்தம் வரவில்லை. மற்றப் பையில் அதே ஈடு தேன்குழல் நொறுங்கியது. காறல் வாடை இரண்டிலுமே இல்லை. காறுவதற்கு அவகாசமே கிடைக்காமல் நமுத்துவிட்டது.

இப்போது சாற்றுக்கு வருவோம். சாறு வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. தாவரங்களில் இயல்பாகவே இருக்கும் பாலிஃபீனால் என்ற பொருள் வகையில் ஒன்றான பூனிகலஜின் மாதுளைத் தோலில் நிறைய இருக்கிறது. தேயிலையில் கேட்டச்சின், மஞ்சளில் குர்க்குமின், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால். எண்ணெய் காறுவது என்பது எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடர்ந்து சிதைவது. இந்தப் பொருள்கள் அந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கின்றன. இது சோதனைக் கூடங்களில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. இன்னொரு உறுதியான பயனும் உண்டு. பாலிஃபீனால்கள் புற ஊதாக் கதிரை விழுங்குவதால், சாறு சேர்ந்த படலம் வெளிச்சத்தைக் குறைக்கிறது. கடை அலமாரியில் கண்ணாடிப் பாட்டிலில் வெயில்பட நிற்கும் முறுக்கு, டின்னில் இருக்கும் முறுக்கைவிட முன்னதாகக் காறுவதற்கு வெளிச்சமே முக்கியக் காரணம். அது தவிர, நன்றாகக் காய்ந்த ஸ்டார்ச் படலம் ஆக்சிஜனைத் தடுப்பதில் பாலித்தீனைவிட எவ்வளவோ மேல். சிக்கல் என்னவென்றால் ஈரம் ஏறியதும் அந்தத் திறமையும் போய்விடுகிறது.

சந்தேகம் தொடங்கும் இடம் இதற்குப் பிறகு. படலத்துக்குள் இருக்கும் சாறு, முறுக்கின் எண்ணெய்க்கு எப்படிப் போய்ச் சேரும்? பாலிஃபீனால்களுக்கு நடக்க ஈரம் வேண்டும். பன்னீர், இறைச்சி, மீன், நறுக்கிய பழம் போன்றவை படலத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை நனைத்து, சாற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த வகைப் படலங்களைப் பற்றிய நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை ஈரமான உணவுகளில் கிடைத்தவை. முறுக்கோ உலர்ந்தது. உறையை அங்கங்கே புள்ளிபோல்தான் தொடுகிறது. நடுவில் இருக்கும் முறுக்கு உறையைத் தொடுவதே இல்லை. சாறு படலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கிராம்பு, ஓம எண்ணெய் போன்ற ஆவியாகும் பொருள்கள் தொடாமலே காற்று வழியாகப் போய் வேலை செய்யும். ஆனால் அவை தம் மணத்தையும் கூடவே கொண்டுபோகும். உங்கள் மனகோலம் கிராம்புத் தைலம் மணந்தால் யார் வாங்குவார்கள்?

வியாபாரி ஏதாவது சோதனை அறிக்கை காட்டி, ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்று சொன்னால், அது எதில் அளந்தது என்று கேளுங்கள். வழக்கமாக அது டிபிபிஹெச் சோதனையாக இருக்கும். படலத் துண்டை ஒரு ஊதா நிறக் கரைசலில் ஊறப்போட்டு, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். கரைசல் சாற்றை முழுமையாக வெளியே இழுத்துவிடுவதால் எண் பெரிதாக வரும். சாற்றின் வலிமையை அறிய அது நல்ல சோதனைதான். முறுக்குப் பொட்டலம் எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்த எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பொட்டலத்தில் பலகாரத்தைப் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை எண்ணெயைப் பிழிந்தெடுத்து, காறல் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு அளவு பார்த்த அறிக்கை இருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

காறலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் நகர மனமில்லை. காறல் உறையில் தொடங்குவதில்லை, வாணலியில் தொடங்குகிறது. நாலு முறை காய்ந்த எண்ணெயில் சுட்ட முறுக்கை எந்த உறையில் போட்டாலும் அது பாதி வழியைக் கடந்துவிட்ட முறுக்கு. பொரிக்கும் எண்ணெய் சிதைவதால் சேரும் பொருள்களான மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, நுரை அடங்காமல் நின்றாலோ நிறம் கறுத்தாலோ எண்ணெயை மாற்றிவிடுங்கள். ஈயம் பூச்சுப் போன பித்தளைச் சட்டியில் எண்ணெய் நிற்கவே கூடாது. பித்தளையிலுள்ள செம்பின் சிறு துணுக்குகூடக் காறலை விரட்டி முடுக்கும். இயற்கையான காறல் தடுப்பி வேண்டுமென்றால் அது உறையைவிட மாவிலும் எண்ணெயிலும் இருப்பது பல மடங்கு பயன் தரும். நல்லெண்ணெயில் செசாமின், செசாமோலின் என்ற பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. சூடுபடும்போது செசாமோலின் பிரிந்து செசாமால் வருகிறது. மற்றப் பல எண்ணெய்களைவிட நல்லெண்ணெய் நாள்பட நிற்பதற்கு இவை முக்கியக் காரணம். மாவில் நீங்கள் போடும் எள்ளிலும் இவை உண்டு.

நம் ஊரில் பலகாரம் முன்பு எதில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணச் சீருக்குப் பனை ஓலைக் கொட்டானில் பலகாரம் வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினை. ஆனால் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பலகாரம் கொட்டானில் இருந்ததில்லை. மூடி இறுகும் தகர டின்னிலும் எனாமல் தூக்கிலும், இரண்டாங்கட்டு அறையின் இருட்டில் இருந்தது. சுமந்துபோகவும் கொடுக்கவும் கொட்டான், காக்க டின். இந்தப் பிரிவினையை நான் சோதனைக் கூடத்தில் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது. வாழையிலையையும் மந்தார இலையையும் கவனியுங்கள். இலைக்குள்ளும் பாலிஃபீனால் இருக்கிறது. ஆனால் தண்ணீர் உருண்டோடுவதற்கும் இலை தன் ஈரத்தைக் காத்துக்கொள்வதற்கும் காரணம் மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு. ஸ்டார்ச் படலத்துக்கு இல்லாதது அதுதான். இப்போது ஆராய்ச்சியில் இருப்பவர்கள் தேன்மெழுகையும், ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகையும் படலத்தில் கலக்கிறார்கள், அல்லது மேலே பூசுகிறார்கள். நீராவி கணிசமாகக் குறைகிறது. கூடவே படலம் மங்கலாகிறது, மடித்த இடத்தில் மெழுகு விரிசல் விடுகிறது, ஓரங்கள் ஒட்ட மறுக்கின்றன. வரும் ஆண்டுகளில் நல்லது ஏதாவது வரும் என்று நான் நம்புவது இந்தத் திசையிலிருந்துதான்.

அதிரசத்தை ஏன் தனியாகச் சொன்னேன் என்றால், அது முறுக்குக்கு நேர் எதிர். வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அது மென்மையாகவே இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மேலே எண்ணெய் கசியும். அடுக்கும்போது இரண்டு அதிரசத்துக்கு நடுவில் ஒரு வட்டத் துண்டாக இந்தப் படலத்தை வைத்தால், அது முழுப் பரப்பையும் தொடும். கொஞ்சம் ஈரமும் இருப்பதால் சாறு இறங்க வழி உண்டு. வெளியே வழக்கமான டின்னோ பையோ இருக்கட்டும். இது பலிக்கலாம் என்பதுதான் என் கணிப்பு, பலிக்கும் என்ற உறுதி கிடையாது. அதிரசத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பூஞ்சை. சாறு சேர்ந்த படலங்களின் சோதனைகளோ பெரும்பாலும் பாக்டீரியாவை வைத்துச் செய்தவை. படலமே ஸ்டார்ச் என்பதால், ஈரம் கோத்துக்கொண்டால் அதுவே பூஞ்சைக்குத் தீனியாகவும் ஆகலாம். மாதுளைத் தோலின் துவர்ப்பு அதிரசத்தில் ஏறுகிறதா, படலம் அதிரசத்தோடு ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கிறதா என்பதையும் செய்து பார்த்தால்தான் தெரியும்.

மக்கும் என்ற சொல்லுக்கு வருகிறேன். வெறும் ஸ்டார்ச்சும் கிளிசரினும் என்றால் நம் தோட்டத்து எருக்குழியில் அது நிச்சயமாக மக்கும். ஆனால் சந்தையில் மாவுப் படலம் என்று வருபவற்றில் பலவும் கலவை. மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கலந்திருந்தால், அது நன்றாக மக்குவதற்கு ஏறக்குறைய 58 டிகிரி வெப்பம் தாங்கி நிற்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். கொல்லையில் புதைத்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும். சாதாரணப் பாலித்தீனில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்துத் தூள்தூளாக உதிரச் செய்யும் ஆக்சோ வகை இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகளாக மண்ணில் தங்கிவிடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அந்த வகைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் உரமாகும் பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் இருக்கிறது. உரமாக்கும் சூழலில் 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது அதன் சாரம். தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம், தாளைப் பாருங்கள்.

உணவைத் தொடும் பொருள் என்பதால் இன்னொரு தாளும் வேண்டும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைப்படி, பிளாஸ்டிக் உறையிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராம், அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. சாறு சேர்த்த படலத்தில் ஏதோ ஒன்று உணவுக்குள் இறங்குவதே நோக்கம் என்பதால், இறங்குவது எது என்பது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சாற்றைத் தண்ணீரிலோ எத்தனாலிலோ எடுத்தார்களா, மெத்தனாலிலா என்று கேளுங்கள். மெத்தனால் நஞ்சு; அது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். படலத்தில் கைட்டோசானோ ஜெலட்டினோ கலந்திருக்கிறதா என்றும் மறக்காமல் கேளுங்கள். கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் மாட்டு எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து. நோன்புக்கும் கோயில் காரியத்துக்கும் சைவப் பலகாரம் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு நாம் தெரியாமல்கூடத் துரோகம் செய்துவிடக் கூடாது.

பிளாஸ்டிக்கை விட வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் மனதார மதிக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டத்தில் நேரில் வாங்குகிறவர்களுக்கு மூடி இறுகும் டின்னில் கொடுத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, டின் திரும்பியதும் பணத்தைத் திருப்பும் முறையை இன்றைக்கே தொடங்கலாம். வெளியூருக்குக் கூரியரில் போவதற்கு இப்போதைக்குப் பல அடுக்கு ஒட்டிய பளபளப்பு உறையைத் தவிர்த்து, ஒரே பொருளால் ஆன பாலிப்ரொப்பிலீன் பையைப் பயன்படுத்துங்கள். மறுசுழற்சிக்கு அதுதான் ஓரளவாவது வழிவிடும். நூறு கிராம் பைகள் ஐந்துக்குப் பதில் அரைக் கிலோப் பை ஒன்று என்றால் பிளாஸ்டிக்கும் குறையும், நமுப்பும் குறையும்.

அந்தக் குறிப்பிட்ட படலத்தை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று போதும். ஒரே ஈடு முறுக்கை, முழுக்க ஆறிய பிறகு, வியாபாரியின் படலத்தில் இரண்டு பை, உங்கள் வழக்கமான உறையில் இரண்டு பை என்று கட்டி, ஓரங்கள் நன்றாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, எடை எழுதி, சமையலறையை விட்டுத் தள்ளி ஒரே அலமாரியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நாலையும் நிறுத்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எடை ஏறுவது அத்தனையும் உள்ளே புகுந்த ஈரம்; படலமே குடித்ததும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், காலிப் படலப் பை ஒன்றையும் பக்கத்தில் வைத்து நிறுத்துக் கழித்துவிடுங்கள். மூன்றாம் நாள் ஒவ்வொரு வகையிலும் ஒரு பையைப் பிரித்து ஒடித்துப் பாருங்கள். அதிரசத்துக்கு, நடுவில் படலம் வைத்த அடுக்கு ஒன்று, வெண்ணெய்த்தாள் வைத்தது ஒன்று, எதுவும் வைக்காதது ஒன்று. பத்தாம் நாளும் இருபதாம் நாளும் திறவுங்கள். திறந்தவுடன் முதலில் முகர்ந்து பாருங்கள், ஏனென்றால் பூஞ்சை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிடும். வாடை இருந்தால் வாயில் வைக்க வேண்டாம். மழை பிடிப்பதற்கு முன் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் செய்து, எடைக் குறிப்பை இங்கேயே எழுதுங்கள். படித்துப் பார்த்து, எந்த இடத்தில் ஈரம் புகுந்திருக்கும் என்று சொல்கிறேன்.